ஒரு லட்ச ரூபாய்க்கு எதற்குக் கோர்ட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாமினி (தனக்குப் பின் கணக்குப் பணத்தை வாங்க வேண்டியவர்) பெயர் எழுதாமலேயே ஒருவர் இறந்துவிட்டால், அவர் கணக்கில் கிடப்பது ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ, "கோர்ட்டுக்குப் போய் சக்சஷன் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" (இறந்தவரின் பணத்தை வாங்க உரிமை உள்ளவர் யார் என்று கோர்ட் தரும் சான்று) என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வங்கிக் கிளைகள் இன்னும் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு இதுதான் நடந்தது. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கிறது, பிள்ளைகளுக்குள் எந்தத் தகராறும் இல்லை, ஆனாலும் அந்தக் கிளையில் அசைந்து கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் பீஸ், தொகையைப் பொறுத்து கோர்ட் கட்டணம், பேப்பரில் விளம்பரம், வாய்தா... இருக்கிற பணத்தில் பாதி அதற்கே போய்விடும் என்று அவர் பயப்படுவதில் என்ன தப்பு?

இத்தனைக்கும் ரிசர்வ் வங்கி இதை 2025 செப்டம்பரிலேயே தெளிவாக்கிவிட்டது. நாமினி இல்லாத கணக்கு, உயிலும் இல்லை, வாரிசுகளுக்குள் சண்டையும் இல்லை என்றால், வணிக வங்கிகளில் 15 லட்சம் வரையும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையும் கோர்ட் சான்று கேட்கக்கூடாது. விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, இண்டெம்னிட்டி பத்திரம் (பின்னால் வங்கிக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவேன் என்று எழுதித் தருவது), பணம் வேண்டாம் என்கிற மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லாக் கடிதம், வாரிசுச் சான்றிதழ், அவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழ் கிடைக்கவில்லையா, குடும்பத்தை நன்றாகத் தெரிந்த, ஆனால் உறவில்லாத, வங்கி ஏற்றுக்கொள்ளும் ஒருவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலும் போதும். சம்பளச் சீட்டோடு இரண்டு ஜாமீன்தாரரைக் கூட்டி வரச் சொல்லும் வழக்கமும் இந்தத் தொகைக்குள் செல்லாது. நாமினி இருந்துவிட்டால் தொகை எவ்வளவாக இருந்தாலும் பத்திரமும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம் (நாமினி வாங்குவது மற்ற வாரிசுகள் சார்பாகத்தான், முழுப் பணமும் அவருடையது ஆகிவிடாது, அது வேறு கதை). இதையெல்லாம் 2026 மார்ச் 31-க்குள் அமலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள்.

ஆவணம் முழுவதும் வந்து 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் பேங்க் ரேட்டுக்கு (ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ஒரு வட்டி விகிதம்) மேல் 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஓட்டை இங்கேதான். "ஆவணம் முழுவதும்" வந்தால்தானே 15 நாள் ஓட ஆரம்பிக்கும்? இன்றைக்கு ஒரு காகிதம், அடுத்த வாரம் இன்னொரு காகிதம் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த நாள் வரவே வராது. அதனால் கொடுத்த ஆவணங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வேறு என்ன வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால் வங்கிக்கே புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

நம் பக்கமும் ஒன்று கவனிக்க வேண்டும். மனைவி, பிள்ளைகள் கையெழுத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம், இந்து வாரிசுச் சட்டப்படி இறந்த ஆணின் தாயாரும் முதல் நிலை வாரிசு. ஊரில் இருக்கும் அந்தப் பாட்டியின் கடிதம் இல்லாமல் பல மனுக்கள் நியாயமாகவே நின்றுபோகின்றன.

வங்கிகளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கடன் வட்டி விளம்பரம் ஒட்டுகிற சுவரில், இந்த ஆவணப் பட்டியலையும் 15 லட்சம் என்ற வரம்பையும் 15 நாள் என்ற கெடுவையும் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். விண்ணப்பப் படிவத்தையும் கேட்காமலேயே கையில் கிடைக்கிற மாதிரி வையுங்கள், மேனேஜர் லீவு என்பதற்காக ஒருவர் திரும்பிப் போகக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விருதுநகர்