ஒத்துக்கொள்ளச் சொல்வதற்கு முன்னால்: தோட்டத் தலைவர்மாருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் வணக்கம்.

ராத்திரி பத்து மணிக்கு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஜீப் வந்து ஒரு பையனை ஏற்றிக்கொண்டு போனால், அவனுடைய அம்மா முதலில் ஓடி வருவது உங்கள் வீட்டு வாசலுக்குத்தான். அந்த நேரத்தில் சட்டத்தரணியை எங்கே போய்த் தேடுவது என்று அவருக்குத் தெரியாது. நீங்களும் மழை, குளிர் பார்க்காமல் டோர்ச்சை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போகிறீர்கள். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தேன். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் ஒரே ஒரு வார்த்தையை இனிமேல் நீங்கள் யாருக்கும் சொல்லக் கூடாது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

"ஒத்துக்கடா, தண்டத்தக் கட்டிட்டு வந்துரலாம்."

என் தம்பிக்கு அப்படித்தான் சொன்னார்கள். பழைய லயத்தின் கூரையைக் கழற்றிக் குவித்திருந்த இடத்திலிருந்து ஐந்து தகரம் எடுத்து வந்தான், கோழிக்கூட்டுக்கு. ஆணி ஓட்டை நிறைந்து, தொட்டால் துரு உதிர்கிற தகரம். "கொண்டு போ தம்பி" என்று சொன்னவரே தோட்ட வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளைதான். இரண்டு வாரம் கழித்து முறைப்பாடு போயிருந்தது. பொலிசில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டான். அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. அப்புறம் நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் ஏதோ வேகமாகச் சொன்னார். பின்னால் நின்ற எங்கள் தலைவர் தலையை ஆட்டச் சொல்லிச் சைகை காட்டினார். "ஆமாங்க" என்றான் தம்பி. இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. தண்டம் கட்ட அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். எல்லாம் முடிந்தது என்று பஸ்ஸில் வரும்போது எல்லோருக்கும் நிம்மதி.

மூன்று வருடம் கழித்து, வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுத்தபோது அதில் திருட்டுக் குற்றவாளி என்று இருந்தது. அந்த வேலை போனது. வேறு வேலைக்கு மனுப் போடவும் அவன் கூசுகிறான்.

இப்போது நான் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கோப்புகள் பார்க்கிறேன். அங்கே உட்கார்ந்து குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 183ஆம் பிரிவைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்த நிபந்தனையும் இல்லாமல் குற்றத்தை ஏற்றுக்கொண்டால்தான் நீதவான் அதை வைத்துக் குற்றவாளி என்று தீர்க்கலாம். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், சொன்னதைக் கூடுமானவரை அவன் சொன்ன வார்த்தைகளிலேயே பதிய வேண்டும். தம்பி மனதில் இருந்தது வெறும் "ஆமாங்க" இல்லை. "எடுத்தேங்க, ஆனா கணக்கப்பிள்ளை கொண்டு போகச் சொன்னாருங்க" என்பதுதான். அந்த "ஆனா"வில்தான் அவனுடைய வழக்கே இருந்தது. உரியவரின் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்தால்தான் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவுப்படி திருட்டு. எடுத்தான் என்பது மட்டும் போதாது. கணக்கப்பிள்ளை இப்போது ஓய்வில் இருக்கிறார். போன தைப்பொங்கலுக்குப் பார்த்தபோது, "யாராவது கேட்டிருந்தா வந்து சொல்லியிருப்பேனே" என்று கண் கலங்கினார். யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அதனால், தலைவர்களே, பையனைப் பார்க்கப் போனால் "என்ன குற்றம் என்று சொன்னார்கள்?" என்பதை முதலில் கேளுங்கள். கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. அது பொலிஸ்காரர் செய்கிற தயவு இல்லை. வாக்குமூலத்தை அவனுக்குப் புரிகிற மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவன் திருத்தலாம், சேர்க்கலாம். அதுவரை கையெழுத்துப் போடாமல் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கே வந்து அவனுக்காகப் பேச 2012ஆம் ஆண்டு விதிகளில் இடம் இருக்கிறது. அடித்தால், மிரட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற எண்ணுக்கு அங்கிருந்தே அழையுங்கள்.

"பொலிஸ்லயே ஒத்துக்கிட்டேனே, இனி என்ன பேசுறது" என்று தலையைத் தொங்கப் போடுகிற பிள்ளைகளை வாராவாரம் பார்க்கிறேன். சாதாரணக் குற்ற வழக்கில், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டமே அப்படிச் சொல்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் போட்ட வழக்கு வேறு கதை. மற்றபடி, பயந்துபோய் அங்கே சொன்னதை நீதிமன்றத்தில் வந்து மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்றத்துக்கு வருவோம். பிடியாணை இல்லாமல் கைது செய்தவனைச் சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் கொண்டுபோக வேண்டும். பொலிஸ் நீதிமன்றத்துக்குக் கொடுக்கிற பி அறிக்கையோடு முதல் நாள் நிற்கும்போது அவன் வெறும் சந்தேக நபர். அன்றைக்கு யாரும் அவனிடம் குற்றவாளியா, சுற்றவாளியா (குற்றமற்றவனா) என்று கேட்கப் போவதில்லை. அன்று வேண்டியது பிணை. 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதுதான் பொது விதி, மறுப்பது விதிவிலக்கு. ஆனால் பிணை கிடைத்தும், பிணையாளியிடம் கிராம சேவகரின் சான்றிதழ் இல்லாமல் விளக்கமறியல் சிறைக்குப் போன பையன்கள் உண்டு. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நீதிமன்ற வாசலில் உட்கார்ந்து அழுத தாய்மாரை மறக்க முடியவில்லை. அடையாள அட்டை, சான்றிதழ் சகிதம் இரண்டு பேரைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். இது நீங்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. எந்தச் சட்டத்தரணியாலும் செய்ய முடியாது.

குற்றச்சாட்டை வாசிக்கிற நாள் வேறு. அன்று பையன் வாயைத் திறந்து, "எனக்குச் சிங்களம் விளங்காதுங்க, தமிழில் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அவனுக்கு மொழிபெயர்ப்பைக் கொடுக்கிறது, அதுவும் அரசின் செலவில். வழக்கேட்டின் தமிழ்ப் பிரதியையும் கேட்கலாம். மெதுவாக, திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்வதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. நீதவான் கோபிப்பாரோ என்று பயப்படுகிறோம். நான் பார்த்த அளவில் பணிவாகக் கேட்டவர்களை யாரும் கோபித்ததில்லை. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்காகவே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பேச ஆள் வரும்வரை வேறு நாளுக்குத் தவணை கேட்கலாம். தவறி ஒத்துக்கொண்டுவிட்டாலும், தீர்ப்பில் தண்டனை சொல்லும் முன் நீதவானின் அனுமதியோடு அதை மீளப் பெறலாம். எங்கள் தலைவருக்கு அன்று இது தெரிந்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பார். அவர் நல்ல மனிதர்.

உண்மையிலேயே தப்புச் செய்த பிள்ளையும் இருப்பான். அவன் ஒத்துக்கொள்வதென்றால், எதை ஒத்துக்கொள்கிறான், அதனால் பின்னால் என்ன வரும் என்று சட்டத்தரணி வாயால் கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளட்டும். ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறதே, திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அலைய முடியுமா என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். என் தம்பி இழந்தது எத்தனை பேர் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சந்தாக் கூட்டத்தில் இதை ஒருமுறை பேசுங்கள். சட்ட உதவி நிலையத்தின் இலக்கத்தையும் 1996ஐயும் பெரிய எழுத்தில் எழுதிப் காலையில் வேலைக்குக் கூடுகிற பிரட்டுக்களத்திலும், பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா சுவரிலும் ஒட்டுங்கள். நீங்கள் சொல்லி அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே எழுதிக் கொண்டு வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
லயத்தில் பிறந்து வளர்ந்த உங்கள் பிள்ளை,
ஹட்டன்