யு-100 கேட்டேன், யு-40 அனுப்பினீர்கள்: சிரிஞ்ச் மாற்றம் குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணைய மருந்தகப் பிரிவு.

பொருள்: கேட்காமலேயே இன்சுலின் சிரிஞ்சை மாற்றி அனுப்பியது, திரும்பப் பெற மறுத்தது, கால்நடை மருத்துவரின் சீட்டை நிராகரித்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பூனைக்கு இன்சுலின் போட உங்கள் செயலியில் நான் ஆர்டர் போட்டது யு-100 இன்சுலின் சிரிஞ்ச், அதாவது மி.லி.க்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை அளப்பது. 0.3 மி.லி. அளவு, அரை யூனிட் கோடு போட்டது. வந்தது மி.லி.க்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான யு-40 சிரிஞ்ச், 1 மி.லி. பில்லில் 'இன்சுலின் சிரிஞ்ச் 31ஜி' என்று ஊசியின் தடிமனை மட்டும் போட்டு மொட்டையாக இருக்கிறது. மாற்றப்போகிறோம் என்று ஒரு ஃபோன் இல்லை, மெசேஜ் இல்லை. செயலியைத் துருவியபோதுதான் ஆர்டர் விவரத்தின் அடியில் 'இணையான மாற்றுப் பொருள்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது கண்ணில் பட்டது.

இணையான பொருள் இல்லை இது. எங்கள் வீட்டில் இதைப் பார்க்காமல் பயன்படுத்தியிருந்தால் பூனை செத்திருக்கக்கூடும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம், கணக்கைச் சொல்கிறேன். உங்கள் கஸ்டமர் கேரில் பேசிய யாருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கவில்லை.

எங்கள் பூனை சோமுவுக்கு 11 வயது, சர்க்கரை நோய். மருத்துவர் எழுதியிருப்பது கிளார்ஜின் இன்சுலின், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றரை யூனிட். கிளார்ஜின் ஒரு மி.லி.யில் 100 யூனிட் இருக்கும். அதை அளக்க யு-100 சிரிஞ்ச்தான் வேண்டும், அதாவது ஆரஞ்சு மூடி போட்டது. நம் ஊரில் மனிதர்களுக்குக் குப்பியில் விற்கும் பழைய வகை இன்சுலின்கள் பல, மி.லி.க்கு 40 யூனிட். அவற்றுக்குத்தான் சிவப்பு மூடி யு-40 சிரிஞ்ச். இரண்டும் அந்தந்த இன்சுலினுக்குச் சரியான பொருள்கள்தான், மாற்றிக்கொள்ள மட்டும் முடியாது. யு-40 சிரிஞ்சில் ஒரு கோடு என்பது 0.025 மி.லி. அதே அளவு கிளார்ஜினை இழுத்தால் உள்ளே வருவது இரண்டரை யூனிட். ஆக, ஒன்றரை என்று நினைத்து இழுத்தால் போவது 3.75 யூனிட். நாலு கிலோ பூனைக்கு!

சரி, இரண்டரையால் வகுத்துக் குறைவாக இழுத்துக்கொள்ளலாமே என்று உங்கள் ஊழியர் ஒருவர் யோசனை சொன்னார். ஒன்றரையை இரண்டரையால் வகுத்தால் 0.6. நீங்கள் அனுப்பிய சிரிஞ்சில் முதல் கோடே 1. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில், கோடே இல்லாத இடத்தில், கண்ணளவில் 0.6 பிடிக்க வேண்டும், தினமும் இரண்டு வேளை. சோமுவின் ஒரு வேளை மருந்து மொத்தமே 0.015 மி.லி.தான், ஒரு சொட்டு கூடத் தேறாது. பூனை வளர்ப்பவர்கள் 0.3 மி.லி. அரை யூனிட் சிரிஞ்சைத் தேடி அலைவது இதற்காகத்தான். எங்கள் தெரு மருந்துக் கடையில் இது கிடைத்திருந்தால் உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன்.

எனக்கு ஷிஃப்ட் வேலை. காலை ஊசியைப் பெரும்பாலும் அம்மாதான் போடுகிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கண்ணாடி போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்து இழுப்பார். மூடியின் நிறத்தைப் பார்த்து நான் பெட்டியை எடுத்து வைத்துவிட்டதால் தப்பித்தோம். எல்லார் வீட்டிலும் ஒருவர் அப்படிப் பார்ப்பார் என்று நம்பியா நீங்கள் வியாபாரம் செய்கிறீர்கள்?

உங்கள் கஸ்டமர் கேரில் கேட்ட இன்னொரு வாசகம்: "பூனைக்குத்தானே சார், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா ஒண்ணும் ஆகாது." அந்தத் தம்பியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்காதது உங்கள் தவறு. ஆனால் விஷயம் நேர் எதிர். ஒரு வேளை ஊசி விட்டுப்போனால் சுகர் ஏறும், அன்றைக்கே அதனால் உயிர் போய்விடாது. கூடுதலாகப் போனால் சில மணி நேரத்தில் சுகர் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். பூனை தள்ளாடும், நடுங்கும், வலிப்பு வரும், நினைவு தப்பும். ஈறில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எங்களுடையது போல மதியம் வீட்டில் ஒருவர் தூங்கி, இன்னொருவர் வேலைக்குப் போன வீட்டில் அதைக் கவனிப்பது யார்? தலை சுற்றுகிறது என்று பூனை வந்து சொல்லுமா?

வீட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறோம் என்று தெரிந்தால் உங்களுக்கும் இதன் கனம் புரியலாம். மருத்துவமனைக்குக் கூடையில் வைத்துத் தூக்கிப்போனாலே பயத்தில் பூனைக்குச் சுகர் எகிறிவிடும், அங்கே எடுக்கும் அளவை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதனால் வீட்டிலேயே காதோரத்தில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். காதை முதலில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினால்தான் ரத்தம் வரும். அளவு பார்த்து, சாப்பாடு வைத்து, அவன் சாப்பிடுகிறான் என்று உறுதியான பிறகு ஊசி. 200க்குக் கீழே இருந்தால் போடாமல் தன்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். அவ்வப்போது ஒரு விடுமுறை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குத்தி, அடுத்த ஊசி வரைக்கும் அளவு எப்படி இறங்கி ஏறுகிறது என்று குறித்து அனுப்புவோம். அந்தக் கணக்கை வைத்துத்தான் கால், அரை யூனிட்டாக மருந்தை மாற்றுகிறார். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால், மீட்டரைக்கூட மாற்றாமல் ஒரே கருவியில் பார்த்து வருகிறோம். அரிசிச்சோறு நிறுத்தி, மாவுச்சத்து குறைந்த உணவுக்கு மாற்றியிருக்கிறோம். (சோமு இதற்கு இன்னமும் சம்மதிக்கவில்லை, அது வேறு வழக்கு.) பூனைகளில் சிலவற்றுக்கு ஆரம்பத்திலேயே சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் பிறகு இன்சுலினே தேவைப்படாத நிலைகூட வரும். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு பாடும். இத்தனைக்கும் நடுவில் மாறவே கூடாத ஒன்று, சிரிஞ்சில் உள்ள அளவுகோல். அதைத்தான் உங்கள் கிடங்கு 'ஸ்டாக் இல்லை' என்று மாற்றிப் போட்டிருக்கிறது.

பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். 'ஊசி வகைப் பொருட்கள் திரும்பப் பெறப்படாது' என்று தானியங்கிப் பதில் வந்தது. நான் மனம் மாறித் திருப்பிக் கொடுத்தால் அந்த விதி பொருந்தும். நீங்கள் வேறு பொருளை அனுப்பிவிட்டு அதே விதியைக் காட்ட முடியாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020இன்படி, ஒத்துக்கொண்ட தன்மையில் இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது.

அப்புறம் மருந்துச் சீட்டு விவகாரம். இதே வாரத்தில் போட்ட இன்சுலின் ஆர்டரை ரத்து செய்திருக்கிறீர்கள். காரணம்: 'நோயாளி விவரம் செல்லாது'. சீட்டில் பூனை என்று எழுதியிருந்தது, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் என் பெயரும் முகவரியும் இருந்தன. மருந்து விதிகள் 1945இன் 65ஆவது விதி, சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், விலங்குக்கான மருந்தென்றால் அதன் உரிமையாளரின் பெயர், முகவரி வேண்டும் என்கிறது. அதாவது, விலங்குக்கும் சீட்டு எழுதுவார்கள் என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. வயசுக் கட்டத்தில் 11 என்று இருந்ததால் குழந்தை என்று நினைத்தீர்களா, தெரியவில்லை. தெருமுனைக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜில் இருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தார், ஐஸ் வைத்த பையில் போட்டு. அதனால் அந்த மருந்தை உங்களிடம் இனி கேட்கப்போவதில்லை. ஆனால் அப்படிக் கடை இல்லாத ஊரில் இருப்பவர்களுக்காக இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் கேட்பது இவை. அனுப்பிய யு-40 பெட்டியை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும், செயலிக்குள் இருக்கும் வாலட்டில் அல்ல, பணம் கட்டிய வங்கிக் கணக்கில். இன்சுலின் சிரிஞ்சுக்குத் தானாக மாற்றுப் பொருள் காட்டும் வசதியை அடியோடு நிறுத்த வேண்டும். எனக்குப் பணத்தைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் இதே தவறு ஒரு மனிதருக்கு நடந்தாலும் விளைவு இதுதான். பொருளின் பெயரிலும் பில்லிலும் யு-40, யு-100 என்பது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் சீட்டைப் பார்க்கும் உங்கள் மருந்தாளுநர், சந்தேகம் வந்தால் ரத்து செய்யும் முன் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

அதே 2020 விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தானியங்கிப் பதிலை நான் ஒப்புதலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தவறினால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், ஆர்டர் விவரத்தின் படம், இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம், ரத்தான மருந்துச் சீட்டின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பெட்டியை எடுக்க ஆள் அனுப்பினால் மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். பகலில் அம்மா தூங்கும் நேரம். பதிலுக்கு வேறு சிரிஞ்ச் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்