உரம் வேணாம் கண்ணம்மா, ஜன்னல் பக்கம் நகத்தி வை

கண்ணம்மா,

நேத்து நீ அனுப்பின செடி போட்டோவ பெருசாக்கி பாத்தேன். தண்டு வெளுத்துப்போய் நெட்டையா வளந்து ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது, இலைக்கு இலை அவ்ளோ இடைவெளி. உரம் போட்டும் தேறல, இன்னும் கொஞ்சம் போடவான்னு கேக்குற. போடாதடா. அதுக்கு வெளிச்சம் பத்தல, அதத் தேடித்தான் அப்படி நீளுது.

உரத்த செடியோட சாப்பாடுன்னு சொல்லியே நாம பழகிட்டோம், ஆனா உரம் சமையல்ல போடுற உப்பு மாதிரிதான், வேணும், ஆனா அதுவே சோறாகாது. ஹெல்மான்ட்னு ஒரு விஞ்ஞானி வில்லோ மரக்கன்ன தொட்டியில வெச்சு 5 வருஷம் தண்ணி மட்டும் ஊத்தி வளத்தார், 5 பவுண்டு இருந்த கன்னு 169 பவுண்டு ஆயிடுச்சு, 200 பவுண்டு மண்ணுல குறைஞ்சது வெறும் 2 அவுன்ஸ். எல்லாம் தண்ணியில இருந்து வந்ததுன்னு அவர் முடிவு பண்ணிட்டார் பாவம், காத்துக்கு அதுல எவ்ளோ பெரிய பங்குன்னு அப்ப யாருக்கும் தெரியாது.

இலையில, முக்கியமா அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கு. அது வழியா கார்பன் டை ஆக்சைடு உள்ள போகும், வேர்ல இருந்து தண்ணி ஏறி வரும். பச்சையம் வெளிச்சத்துல செவப்பையும் நீலத்தையும் நல்லா புடிச்சுக்கும், பச்சைய அவ்வளவா எடுத்துக்காது, அதான் இலை பச்சையா தெரியுது. புடிச்ச சக்திய வெச்சு தண்ணிய உடைக்கும், நாம மூச்சு வாங்குற ஆக்சிஜன் அந்தத் தண்ணில இருந்துதான் வருது, கார்பன் டை ஆக்சைடுல இருந்து இல்ல. இத நெறைய பேர் மாத்தி சொல்றாங்க, 1941லயே ஐசோடோப், அதாவது எடை கொஞ்சம் கூடின ஆக்சிஜன் அணுவ, அடையாளமா வெச்சு காட்டிட்டாங்க. அப்புறம் அந்த சக்தியால 6 கார்பன் டை ஆக்சைட சேத்து ஒரு குளுக்கோஸ் அளவுக்கு சர்க்கரை பண்ணும், அதையே கோத்துக் கோத்து தண்டாவும் இலையாவும் ஆக்கிக்கும்.

சின்ன வயசுல கண்ணாடி டம்ளர்ல பாசிய போட்டு வெயில்ல வெச்சோமே, நூல் கோத்த மாதிரி குமிழ் குமிழா மேல வந்துச்சு, நீ கைய குறுக்க வெச்சு நிழல் பண்ணதும் கொறைஞ்சுது, எடுத்ததும் திரும்ப வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அதே வேலைதான் உன் தொட்டியிலயும், வெளிச்சம் இல்லாம பாதியில நிக்குது.

இன்னிக்கே ஜன்னல் பக்கம் நகத்து. ஒரேயடியா உச்சி வெயில்ல வெச்சுடாத, இலை கருகிடும். இலை மேல தூசி இருந்தா ஈரத்துணியால தொடச்சு விடு. புதுத் துளிர் வந்தா போட்டோ அனுப்புடா.

அம்மா