பவள விழா மலர்க் குழுவுக்கு: அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த மரப் பீரோவைத் திறந்து பாருங்கள்

பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருப்பவள் எழுதுகிறேன். மலருக்கான மேட்டர் தட்டச்சுக்கு என் கடைக்குத்தான் வந்தது. வாழ்த்துச் செய்தி மட்டும் முப்பது பக்கத்துக்கு மேல். விளம்பரம் அதைவிட அதிகம். ‘பள்ளி வரலாறு’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது ஒன்றரைப் பக்கம். அதுவும் கரிகாலன் கட்டிய கல்லணையில் தொடங்கி, ஒரே தாவில் நிலம் கொடுத்த பெரியவரின் குடும்பத்துக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு தாவில் ஸ்மார்ட் வகுப்பறைக்குப் போய்விடுகிறது. கூலிக்குத் தட்டச்சு செய்பவள் கருத்துச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நானும் இதே பள்ளியில் ஆறாவது முதல் பத்தாவது வரை படித்தவள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

டவுன் பள்ளிகளுக்கு இந்தக் கவலை இல்லை. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலுக்கு 1864 என்று ஒரு வருஷம் இருக்கிறது, 1898 முதல் 1904 வரை அங்கே படித்த ராமானுஜன் இருக்கிறார். மன்னார்குடி பின்லே பள்ளிக்கு 1845 இருக்கிறது. அவர்கள் சுவரில் படம் மாட்டினாலே பாதி வரலாறு ஆகிவிடும். நம்முடையது அரசலாற்றுக்குத் தெற்கே, வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தறிக்கும் நடுவே முளைத்த போர்டு ஹைஸ்கூல். நம்மிடம் மேதை யாரும் படிக்கவில்லை என்பதால் எழுத ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய பதிவேடுகள் இருக்கும் அந்த மரப் பீரோவிலேயே எழுத நிறைய இருக்கிறது.

முதலில் ‘போர்டு’ என்ற சொல். இன்றைக்கும் ஊரில் வயதானவர்கள் “போர்டு ஸ்கூல்” என்றுதான் சொல்கிறார்கள். மலரில் அந்தச் சொல்லே இல்லை. ஜில்லா போர்டு என்றால் அந்தக் காலத்து மாவட்ட உள்ளாட்சி அமைப்பு. தஞ்சாவூர் ஜில்லா போர்டு சாதாரண போர்டு இல்லை, சொந்தமாக ரயில் பாதையே வைத்திருந்த போர்டு. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல் போட்ட பாதை அவர்களுடையது. ஏ.டி. பன்னீர்செல்வம் அந்தப் போர்டுக்குத் தலைவராக இருந்தபோது ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திரங்களில் ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க வழி செய்தார். 1958-ஆம் வருஷப் பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகள் போயின. 1970-இல் போர்டு உயர்நிலைப் பள்ளிகள் அரசுப் பள்ளிகள் ஆயின. (நம் பள்ளியில் மணி என்று தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியதே, அது போர்டு ரயிலிலிருந்து வந்தது என்று எங்கள் டிரில் மாஸ்டர் சத்தியம் செய்வார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் நம்புகிறேன்.)

அடுத்தது நிலம் கொடுத்த கதை. கொடுத்தவரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த இடம் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் பள்ளம் என்று என் அப்பா சொல்வார். வாய்க்கால் கரையிலிருந்து கூடை கூடையாக மண் சுமந்து மேடாக்கியவர்கள் பக்கத்துத் தெருக் கூலியாட்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகள் ரொம்ப நாள் கழித்துத்தான் உள்ளே வந்தார்கள். நிலம் கொடுத்தவருக்குக் கல்வெட்டு இருக்கிறது. மண் கொடுத்தவர்களுக்கு ஒரு வரியாவது வேண்டாமா?

காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த நாளில், 1958 முதல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் பெஞ்சும் கடிகாரமும் பீரோவும் கொண்டுவந்து இறக்கினார்கள். நம் பழைய அறிவியல் கூடத்தில் ஒரு நீள மேசை கிடக்கிறது. குனிந்து அதன் அடிப்பலகையைப் பாருங்கள். வெள்ளைப் பெயிண்டில் ‘உபயம்: பாத்திரப் பட்டறைத் தொழிலாளர்கள்’ என்று மங்கலாக எழுதியிருக்கும். பரீட்சை எழுதும்போது பேனா கீழே விழுந்து, எடுக்கக் குனிந்தபோது நான் பார்த்தது. மேசை இன்னும் ஆடவில்லை.

சரி, இப்போது மரப் பீரோவுக்கு வருகிறேன். ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறையில் இருக்கிறதே, அதுதான். வயதுச் சான்றுக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் ஆட்கள் வரும்போதெல்லாம் அதிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து என் கடைக்குக் கொண்டு வருவார்கள். இருபது வருஷமாக அதன் பக்கங்களைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் போட்டு நகல் எடுப்பவள் நான். கனமான அட்டை, முதுகில் காடாத்துணி ஒட்டியது, ஓரமெல்லாம் செல் அரித்தது. பக்கத்தைத் திருப்பினால் பொடி உதிரும்.

தந்தை தொழில் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வாருங்கள். பழைய பக்கங்களில் பயிர்ச்செலவு (விவசாயம்தான்), நெசவு, கொடிக்கால், கூலி. நடுவில் பட்டறை, சர்வர், கண்டக்டர். அப்புறம் துபாய், சிங்கப்பூர். கடைசிப் பக்கங்களில் ஆட்டோ, பெயிண்டர், கட்டட வேலை. முகவரிக் கட்டத்தில் தெருப் பெயர்கள் போய் ஒவ்வொன்றாக ‘நகர்’ வருகிறது. எந்த வயல் எப்போது மனையானது என்பதற்குப் பத்திர ஆபீசுக்குப் போக வேண்டாம், இந்தக் கட்டம் போதும். 2021-இல் கும்பகோணம் மாநகராட்சியானது என்று செய்தியில் படித்தோம். ஊர் நம் பள்ளிச் சுவர் வரை வந்து சேர்ந்துவிட்டது என்பது இந்தப் பதிவேட்டுக்கு அதற்கு முன்பே தெரியும்.

பிறந்த தேதியைப் பாருங்கள், சிரிப்பு வரும். பாதிப் பிள்ளைகள் மே மாதமும் ஜூன் மாதமும்தான் பிறந்திருக்கிறார்கள். எனக்கும் ஜூன் 1. அம்மாவைக் கேட்டால் “ஐப்பசி அடைமழைடி, தெருவெல்லாம் தண்ணி” என்பார். அது ஹெட்மாஸ்டர் வைத்த பிறந்தநாள்.

விலகிய காரணம் என்ற கட்டத்தில் சிரிக்க முடியாது. ஆண் பிள்ளைகளுக்கு ‘வேலைக்குச் சென்றது’. பெண் பிள்ளைகளுக்குப் பல இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். 1978-இல் பிளஸ் டூ வந்தது என்று மலரில் ஒரு வரி இருக்கிறது. தமிழ்நாட்டில் வந்தது, உண்மை. நம் பள்ளிக்கு அப்போதே வரவில்லையே! பத்தாவது முடித்த பையன்கள் சைக்கிளில் பாலம் தாண்டி டவுனுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். என் அக்கா கணக்கில் எண்பதுக்கு மேல் வாங்கியவள், அவள் பெயருக்கு நேரேயும் அந்தக் கோடுதான். மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்த அன்று பட்டாசு வெடித்த படம் மலரில் போட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய வருஷங்களில் பத்தோடு நின்ற பெண்கள் எத்தனை பேர் என்று பதிவேட்டை எண்ணி அந்தப் படத்தின் கீழே போடுங்கள். பெயர் வேண்டாம், சாதிக் கட்டத்தையும் அச்சில் ஏற்ற வேண்டாம். எண்ணிக்கை போதும்.

சத்துணவு 1984-இல் பதினைந்து வயது வரை விரிந்தபோது நான் பத்தாவது. நடவுக் காலத்தில் பாதி காலியாகக் கிடக்கும் வகுப்பில் அந்த வருஷம் ஆள் இருந்தது. அதற்கு வருகைப் பதிவேடு சாட்சி சொல்லும் என்று எழுதலாமென்றால் சொல்ல முடியாது. போன மாதம் பழைய பேப்பர் கடையில் நம் பள்ளிக் கட்டு ஒன்றைப் பார்த்தேன். வருகைப் பதிவேடுகளும் டி.சி. அடிக்கட்டைகளும் சணல் கயிறு போட்டுத் தராசில் இருந்தன. இடிக்கப்போகிற கட்டடத்தைக் காலி செய்கிறார்களாம். கிலோ கணக்கில் காசு கொடுத்து மிச்சம் இருந்ததை நான் வாங்கிக்கொண்டேன். 1984 அதில் இல்லை.

ஓட்டுக் கட்டடத்தை இடிக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. 2004 ஜூலை 16 அன்று இதே கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். அதற்கப்புறம்தான் நம் பள்ளியின் கீற்றுக் கொட்டகையைப் பிரித்தார்கள், இரண்டு வகுப்புகள் மாதக்கணக்கில் மரத்தடியில் நடந்தன. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பிள்ளைகள் தலைக்கு மேல் இருப்பது ஆடினால் இடித்துத்தான் ஆக வேண்டும். (அந்தக் கொட்டகையைப் பற்றியும் மலரில் ஒரு சொல் இல்லை. விழா மலரில் எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். போடத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.) நான் கேட்பது, ஓடுகளை இறக்கும் முன் பீரோவை இறக்குங்கள். சேர்க்கைப் பதிவேடுகளை வரிசை எண்ணோடு தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டுங்கள். எமிஸ் என்கிற கல்வித்துறைக் கணினிப் பதிவில் எல்லாம் ஏறிவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். இப்போது படிக்கும் பிள்ளைகள் ஏறியிருக்கிறார்கள், என் அக்கா ஏறவில்லை.

பக்கங்களை ஸ்கேன் செய்ய என் கடை இயந்திரம் இருக்கிறது, கூலி வேண்டாம். பள்ளி விடும் நேரத்துக்குப் பிறகு ஒரு ஆசிரியர் கூட இருந்தால், தினம் இருபது பக்கம் என்று வைத்தாலும் விழாவுக்குள் முடிந்துவிடும். வரலாற்றுப் பகுதிக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குங்கள். இடம் போதாதென்றால் வாழ்த்துச் செய்திகளை நான்கு நான்காக ஒரே பக்கத்தில் அடக்கிக் காட்டுகிறேன், பார்க்க நன்றாகவே இருக்கும்.

நான் வாங்கிய கட்டு என் வீட்டுப் பரணில் இருக்கிறது. எந்த நாள் சாயங்காலமும் வரலாம். வரும்போது மூக்குக்குக் கட்டிக்கொள்ள ஒரு துண்டு கொண்டு வாருங்கள், தூசி தாங்காது.

இப்படிக்கு,
எதிர்க்கடைக்காரி, பழைய மாணவி