செட் யாருடையது என்று தெரிகிறது, பேசுவது யார்?

மும்பையில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் சேவைகளுக்கு வயர்லெஸ் செட் வாங்கும், அதற்கான விதிமுறைகளை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் தாராவிக்காரன். லாமிங்டன் ரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே 22 வருடமாக வாக்கி டாக்கி ரிப்பேர் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தின் மராத்திப் பிரதி உங்களுக்குத் தனியாக வரும். இங்கே தமிழில் எழுதுவது, இந்த ஊரில் காக்கியும் தீயணைப்பு உடுப்பும் போட்டிருக்கும் நம் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான். என் தங்கை மகன் ஒருவன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான்.

கணபதி விசர்ஜன் முடிந்த நான்காம் நாள், தெரிந்த பங்கார் (பழைய சாமான்) கடைக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் ஒரு செட்டைக் கொண்டுவந்தார். “அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க, கல்யாண மண்டபத்து செக்யூரிட்டிக்கு ஆகும்” என்றார். நல்ல டிஜிட்டல் செட். முதுகில் வெள்ளை பெயின்டில் ஓர் எண். பெல்ட் கிளிப் உடைந்து, அந்த இடத்தில் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. மணல் புகுந்து வால்யூம் திருகு கரகரத்தது. பேட்டரி செத்திருந்ததால் என்னிடம் இருந்த ஒன்றைப் போட்டேன். திரை எரிந்தது, சிக்னல் கோடுகள் ஏறின, அப்புறம் குரல் வந்தது. சயான் பக்கம் போகும் வண்டியைக் கண்ட்ரோல் ரூம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பங்கார்க்காரர் ஆர்வமாகக் காதைக் கொடுத்தார். எனக்கு வியர்த்துவிட்டது. பொத்தானை அழுத்தி நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால், கண்ட்ரோல் திரையில் யாரோ ஓர் ஊழியரின் பெயர்தான் வந்திருக்கும்.

உடனே அணைத்துவிட்டு, செட்டில் எழுதியிருந்த அலுவலகத்துக்கு போன் செய்தேன். எந்த அலுவலகம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. இது எங்கேயும் நடக்கக்கூடியது. எடுத்தவர் எண்ணைக் கேட்டார், காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “அந்த செட் இங்கேதான் இருக்கிறது, ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறதே” என்றார். செட் என் மேசையில் இருக்கிறது என்று அவரை நம்பவைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

இதில் செட் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பழைய அனலாக் செட்டில் பூட்டே கிடையாது. அலைவரிசை தெரிந்தவன் கேட்கலாம், பேசலாம். டெட்ரா, பி25 போன்ற டிஜிட்டல் முறைகளில் செட்டைச் சோதிக்க வழி இருக்கிறது. டெட்ரா செட்டுக்குள் 128 பிட் ரகசியச் சாவி ஒன்று, அதாவது நீளமான ஒரு ரகசிய எண், இருக்கும். நெட்வொர்க்கிடமும் அதன் நகல் இருக்கும். செட் உள்ளே வரும்போது நெட்வொர்க் ஒரு எண்ணைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லும். சாவி இருக்கிற செட் மட்டுமே சரியான விடை தரும். சாவி காற்றில் போவதே இல்லை. வேண்டுமானால் செட்டும் நெட்வொர்க்கை அப்படியே சோதித்துக்கொள்ளலாம். பி25-லும் டவர் வழியாகப் போகும் டிரங்கிங் முறைக்கு 128 பிட் சாவியுடன் இதே போன்ற ஏற்பாடு உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டும், வாங்கியபின் ஆன் செய்யவும் வேண்டும். அது இல்லாவிட்டால் செட்டின் அடையாளம் வெறும் 24 பிட் எண்தான். கம்ப்யூட்டரும் புரோகிராமிங் கேபிளும் இருந்தால் அதே எண்ணை இன்னொரு செட்டில் எழுதிவிடலாம். இதை ஒரு மெக்கானிக் உங்களிடம் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

சரி, என் மேசைக்கு வந்த செட்டில் அந்தச் சோதனையும் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது தேறியிருக்கும். சாவி அசல், செட் அசல், பிடித்திருந்த கை மட்டும் வேறு. நம் ஏற்பாடு முழுக்க செட்டை அடையாளம் காண்கிறது; செட்டோடு ஆளையும் கண்டுவிட்டதாக நாமே நினைத்துக்கொள்கிறோம்.

இந்த ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2008 நவம்பர் 26 பயங்கரவாதத் தாக்குதல் இரவு, காமா மருத்துவமனைக்கு அருகே போலீஸ் அதிகாரிகள் ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சலாஸ்கர் ஆகியோரைச் சுட்டுக் கொன்றபின், கசாபும் அவன் கூட்டாளியும் அவர்களுடைய குவாலிஸ் வண்டியையே எடுத்துக்கொண்டு போனார்கள். மெட்ரோ தியேட்டர் சந்திப்பில், போலீஸ் வண்டி என்று நம்பி நின்றவர்கள் மேல் அதற்குள்ளிருந்தே சுட்டார்கள். பின்பக்கம் குண்டடிபட்டுக் கிடந்த காவலர் அருண் ஜாதவ், அவர்கள் வேறு காருக்கு மாறிய பிறகு, வண்டியின் வயர்லெஸ்ஸில் கண்ட்ரோலுக்கு நடந்ததைச் சொன்னார். அதன்பின் கிர்காவ் சவுபாட்டியில் போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே உயிரைக் கொடுத்து கசாபைப் பிடித்தது எல்லோருக்கும் தெரியும். நான் இன்றும் நினைத்துப் பார்ப்பது அந்த மைக்கைத்தான். அவர்கள் அதை எடுத்துப் பேசியிருந்தாலும் அது போலீஸ் வண்டியின் குரலாகவே போயிருக்கும்.

ஆகவே கடவுச்சொல் வையுங்கள் என்று கேட்கப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். செட்டை எழுப்ப ஆறு இலக்கம் அடிக்கச் சொல்லும் டெண்டரைக் கண்டால் நானே கிழித்துப் போடுவேன். தடித்த கையுறையோடு புகைக்குள் நிற்பவரால் எந்த எண்ணை அழுத்த முடியும்? ரத்தமும் மழைநீரும் பட்ட விரலை எந்தக் கைரேகைக் கருவி படிக்கும்? என் தங்கை மகனிடம் கேட்டேன். “மாமா, ஒரு கையில ஸ்டெரெச்சர், வாயில டார்ச்சு. நான் எந்தக் கையால அடிக்க?” என்றான். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2016-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் இதே கவலையை எழுதியிருக்கிறது. எந்தச் சோதனை பாதுகாப்பானது என்பதோடு, எது களத்தில் நிற்பவருக்குக் கைகொடுக்கும் என்பதையும் அது பார்க்கிறது.

சோதனை நடக்க வேண்டிய இடம் களம் அல்ல, ஷிப்ட் மாறும் இடம். நான் பேட்டரி கொடுக்கப் போகும் இடங்களில் பார்ப்பது இதுதான்: சுவரோரம் சார்ஜர் வரிசை, பச்சை விளக்கு எரிகிற செட்டை முதலில் வருபவர் எடுத்துக்கொள்வார், சிவப்பு எரிவது கடைசி ஆளுக்கு. ரிஜிஸ்டரில் கையெழுத்துகள் மதியம் மொத்தமாக விழும். அந்தச் சார்ஜர் பக்கத்தில் ஒரு கார்டு ரீடர் போதும். அடையாள அட்டையைக் காட்டிச் செட்டை எடுத்தால் இந்த ஆள், இந்தச் செட், இந்த ஷிப்ட் என்று கண்ட்ரோலுக்குப் போய்விட வேண்டும். திரும்பச் சார்ஜரில் வைத்ததும் முடிச்சு அவிழ வேண்டும். ஷிப்ட் முடிந்தும் திரும்பாத செட், ரிஜிஸ்டர் என்ன சொன்னாலும், திரையில் சிவப்பாக நிற்க வேண்டும்.

அட்டை காட்டாமல் அவசரத்தில் ஓடினவரின் செட்டும் வேலை செய்ய வேண்டும். பேச்சைத் தடுக்கக் கூடாது, அவசரப் பொத்தானை ஒருபோதும் பூட்டக் கூடாது. பெயர் இருக்கும் இடத்தில் ‘ஆள் தெரியவில்லை’ என்று காட்டினால் போதும். மேற்கொண்டு விசாரித்துக்கொள்ளக் கண்ட்ரோலில் இருப்பவருக்குத் தெரியும். தப்பான பெயரைக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தொலைந்த செட்டைத் தூரத்திலிருந்தே ஊமையாக்கும் கட்டளை டெட்ராவிலும் பி25-லும் இருக்கிறது. செட் ஆன் ஆகி, டவர் எல்லைக்குள் இருந்தால்தான் அது போய்ச் சேரும். அதைவிட முக்கியம், தொலைந்த விஷயம் யாராவது சொன்னால்தானே கட்டளை கிளம்பும்? விலையைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும்வரை எந்த ஊழியரும் முதல் நாளே சொல்லமாட்டார். எங்கேயாவது கிடைக்கும் என்று நான்கு நாள் தேடுவார். அந்த நான்கு நாளும் சேனல் திறந்து கிடக்கும். ஒரு மணி நேரத்துக்குள் சொன்னவருக்குப் பிடித்தம் இல்லை என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். செலவே இல்லாத வேலை இது.

டவர் இல்லாத பேஸ்மென்டில் தீயணைப்பு வீரர்கள் செட்டுக்குச் செட் நேரடியாகப் பேசும்போது, மேலே சொன்ன சோதனை எதுவும் நடக்காது, கேள்வி கேட்க நெட்வொர்க்கே அங்கு இல்லை. அங்கே பழகிய குரலும் கால்சைனும் (வயர்லெஸ்ஸில் அழைக்கும் பெயர்)தான் துணை. அதற்கு ஒத்திகை வையுங்கள். கருவி விற்பவர் எல்லாம் தானாக நடக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அவர் சொல்லும் சாவி நீளத்தையும்தான். 2023-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் டெட்ராவில் பேச்சை மறைக்கும் டீஇஏ1 குறியாக்கத்தைப் பிரித்துப் பார்த்தபோது, வெளியே 80 பிட்டாக இருந்த சாவி உள்ளே எளிதில் கண்டுபிடித்துவிடக்கூடிய 32 பிட்டாகச் சுருங்குவது தெரியவந்தது.

இனி வரப்போவது செல்போன் நெட்வொர்க் வழியாகப் பேசும் முறை. நாடு முழுவதற்கும் அப்படியொரு பிராட்பேண்ட் அமைப்பை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-லேயே பரிந்துரைத்திருக்கிறது. அதற்கான சர்வதேசத் தரத்தில் சிம்முக்கு ஓர் அடையாளம், பேசும் ஆளுக்குத் தனியாக ஓர் அடையாளம் என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது ஆளுக்கான பகுதியைச் செலவு என்று வெட்டிவிடாதீர்கள். நிலையத்துக்கு ஒரே லாகின் வைத்து, சுவரில் காகிதம் ஒட்டி எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் அங்கேயும் வந்துவிடும் என்று எனக்கு பயம்.

டெண்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு காலை, சொல்லாமல், ஏதாவது ஒரு நிலையத்துக்கு ஷிப்ட் மாறும் நேரத்தில் போங்கள். பச்சை விளக்கு எரிகிற செட்டை எடுங்கள். பொத்தானை அழுத்தி, “நான் யார்?” என்று கண்ட்ரோலைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வயர்லெஸ் மெக்கானிக்,
தாராவி, மும்பை.