அந்த இருமல் மருந்து விஷயமாக

பாப்பா,

போனில் சொன்னால் நீ "சரிப்பா, விடுங்கப்பா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பிராக்டிஸ் முடித்துக் காலுக்கு ஐஸ் வைத்து உட்கார்ந்திருக்கும்போது படி.

பொங்கலுக்கு வந்தபோது உனக்கு இருமல். கடையிலிருந்து ஒரு சிரப் எடுத்துவந்து, மூடியைத் திறந்து, அளந்து ஊற்றி நீட்டினேன். ஓட்டக்காரி நீ, வாங்கவில்லை, "தடை பண்ணின மருந்து இருக்கான்னு ஆப்ல பாத்துட்டுக் குடிக்கிறேம்பா" என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறவனிடம், அதுவும் பெற்ற அப்பனிடம், போனைப் பார்த்துவிட்டுக் குடிக்கிறேன் என்கிறாளே என்று. "ஊரே என்கிட்ட வந்து வாங்கிக் குடிக்குது, நீ மட்டும் என்ன பெரிய இவளா" என்று கத்தினேன். நீ ஒன்றும் பேசாமல் வெந்நீரைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க இருமிக்கொண்டே கிடந்தாய். காலையில் பஸ் ஏற்றிவிடக்கூட நான் வரவில்லை, கடையில் ஆள் இல்லை என்று அம்மாவிடம் சாக்குச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்பயரி பார்க்க ரேக்கை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது அதே சிரப் கையில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் திருப்பிப் படித்தேன். டெர்ப்யூட்டலின் சல்பேட் 1.25 மில்லிகிராம், புரோம்ஹெக்சின் 4 மில்லிகிராம், குவாய்ஃபெனசின் 50 மில்லிகிராம், மென்தால். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எத்தனை ஆயிரம் பாட்டில் விற்றிருப்பேன், சளியை இளக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த முதல் பெயர் ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கிறது, போட்டி நடக்கும் நாள் மட்டுமில்லை, வருஷம் முழுக்கத் தடை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் தினமும் கடை சாத்திவிட்டு, ஊக்கமருந்தில் மாட்டிய விளையாட்டுக்காரர்களின் தண்டனைத் தீர்ப்புகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா, "பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கு" என்று கிண்டல் பண்ணுகிறாள்.

முதலில் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா கதை. 2019 பிப்ரவரியில் இந்தூரில் சையது முஷ்டாக் அலி போட்டியின்போது சிறுநீர் எடுத்தார்கள், அதில் இதே டெர்ப்யூட்டலின். பையனுக்கு அப்போது 19 வயது. ஆட்டத்துக்காகக் குடிக்கவில்லை, இருமலுக்குத்தான் குடித்தான் என்பதை கிரிக்கெட் வாரியமே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டும் எட்டு மாதத் தடை, மார்ச் 16-லிருந்து நவம்பர் 15 வரை. எட்டு மாதம் அவனுக்கு ஒரு சீசன். உனக்கு எட்டு மாதம் என்றால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, மனசு வரவில்லை.

அப்புறம் ருமேனியாவில் ஆண்ட்ரியா ரடுகான் என்று ஒரு பெண். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஆல்ரவுண்ட் தங்கம் வாங்கினாள், வயது 16. அப்போது தடையில் இருந்த சூடோஎஃபெட்ரின் கலந்த ஜலதோஷ மாத்திரையால் மாட்டிக்கொண்டாள். கொடுத்தது வேறு யாரோ இல்லை, அவர்கள் அணியின் டாக்டர். டாக்டரையும் தண்டித்தார்கள், அது வேறு. ஆனால் அந்தச் சின்னப் பெண் கழுத்திலிருந்து தங்கம் போய்விட்டது. அப்பீல் போனார்கள், விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் தள்ளிவிட்டது. இன்றைக்கு அந்த மருந்துக்கு ஓர் அளவு வரை விட்டுக்கொடுக்கிறார்களாம். அது அவளுக்கு என்ன பிரயோஜனம்?

எனக்குத் தூக்கமே வராமல் போனது அடுத்ததைப் படித்துத்தான். அலைன் பாக்ஸ்டர், ஸ்காட்லாந்துக்காரர், பனிச்சறுக்கு வீரர். 2002 சால்ட் லேக் சிட்டியில் வெண்கலம் வாங்கினார். மூக்கடைப்புக்கு விக்ஸ் இன்ஹேலர் உறிஞ்சியிருக்கிறார். நம் வீட்டில் தலையணைக்கு அடியில் எப்போதும் ஒன்று கிடக்குமே, அந்த விக்ஸ்தான். தன் நாட்டில் வழக்கமாக உபயோகித்ததுதானே என்று அமெரிக்காவில் ஒன்று வாங்கிவிட்டார். பெயர் ஒன்று, உள்ளே சரக்கு வேறு. அமெரிக்க விக்ஸில் மட்டும் மெத்தாம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்த ஒன்று இருந்திருக்கிறது. நீதிமன்றம் இவர் நேர்மையான மனிதர், ஏமாற்றும் எண்ணமே இல்லை என்று சொல்லிவிட்டு, பதக்கம் கிடையாது என்றும் சொன்னது. ஒரு கம்பெனி ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு கலவை போடும் என்பது என் மாதிரி ஆளுக்குத் தெரியும். எங்களிடமே ஒரே பெயரில் 'பிளஸ்', 'எல்எஸ்', 'டி' என்று வால் மட்டும் மாறி வரும், உள்ளே மருந்தே வேறாக இருக்கும். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் ஒன்று எடுத்துக்கொடுத்த நாளும் உண்டு, உன்னிடம் சொல்வதற்கு என்ன.

இதையெல்லாம் படித்ததும் முதலில் இது அநியாயம் என்றுதான் தோன்றியது. தப்பு செய்யவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்புறம் ஏன் பிடுங்குகிறீர்கள் என்று தனியாக உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நம்ம பக்கத்துக் கோமதி மாரிமுத்து ஞாபகம் வந்தது. 2019 ஏப்ரலில் தோஹாவில் 800 மீட்டரில் 2 நிமிடம் 2.70 வினாடியில் ஆசியத் தங்கம். முடிகண்டத்துப் பெண் என்று நம் திருச்சிப் பக்கமே தலைநிமிர்ந்து நடந்தது, நானும் பேப்பரில் வந்த படத்தை வெட்டிக் கடையில் ஒட்டினேன், நீ ஓட ஆரம்பித்திருந்த நேரம். அப்புறம் வந்தது நான்ட்ரோலோன், தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு. அதே வருஷம் எடுத்த நான்கு மாதிரிகளில், அதில் ஒன்று தோஹாவுக்குப் போவதற்கு முன்னாலேயே பாட்டியாலாவில் எடுத்தது. நான்கு வருஷத் தடை, பதக்கமும் போயிற்று. கஷ்டப்பட்டு மேலே வந்த பெண். அவள் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தானே தவிரக் கோபம் இல்லை. படத்தை நான் கிழிக்கவில்லை, வெயிலில் வெளுத்து அதுவாக விழுந்தது.

நான்ட்ரோலோன் ஊசி எங்கள் கடையிலும் உண்டு, எலும்பு தேய்ந்த வயசானவர்களுக்கு டாக்டர் சீட்டில் எழுதினால் கொடுப்போம். இருமல் மருந்து மாதிரி கைதவறி வாய்க்குள் போகிற சமாச்சாரம் இல்லை அது. யார் எழுதிக்கொடுத்தார்கள், யார் குத்தினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம், அதைப் பற்றிப் பேச நான் யார். ஆனால் அந்த ராத்திரி யோசித்தது இரண்டாவதாக வந்த சீனத்துப் பெண்ணைப் பற்றி. வாங் சுன்யூ என்று பெயர். மேடையில் ஒரு படி கீழே நின்று இன்னொரு நாட்டுப் பாட்டைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போனாள். அவளுக்கும் எங்கேயோ ஒரு அப்பன் டிவி பார்த்திருப்பான். தங்கம் பின்னால் வந்து சேர்ந்தது, அந்த மேடை திரும்ப வருமா? அதை நினைத்த பிறகு என் சண்டையைக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டேன். உள்ளே எப்படிப் போனாலும் ஓடும்போது அது உடம்பில் இருந்தது, அதனால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. உன் மனசில் என்ன இருந்தது என்பதைத் தடை எத்தனை வருஷம் என்பதற்கு மட்டும் பார்ப்பார்கள். ருமேனியப் பெண்ணைப் பொறுத்தவரை இன்னும் எனக்கு இது செரிக்கவில்லை, ஆனால் புரிகிறது.

உன் முதல் டோப் டெஸ்ட் முடிந்து அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, பாத்ரூமில் ஒரு அம்மா நேரே பார்த்துக்கொண்டே நின்றார்கள், 90 மில்லி வருவதற்குள் மூணு பாட்டில் தண்ணீர் குடித்தேன், ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் நானே ஊற்றி நானே மூடினேன் என்று. அந்தப் பாரத்தில் கடைசி ஏழு நாளில் என்னென்ன மருந்து எடுத்தாய் என்று ஒரு இடம் இருக்குமாமே. பொங்கல் கழிந்த வாரம் உன்னைக் கூப்பிட்டிருந்தால் அந்த இடத்தில் என் சிரப்பின் பெயரை உன் கையாலேயே எழுதியிருப்பாய், இல்லையா.

மாட்டிக்கொண்டால் நாம் முதலில் சொல்வது, யாரோ கலந்துவிட்டார்கள் என்பது. டீக்கடையில் அது எடுபடும். நர்சிங் யாதவ் என்கிற மல்யுத்த வீரர் 2016-ல் அதைத்தான் சொன்னார், இங்கே நாடா, அதாவது நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் குழு, அதை நம்பி விட்டும்விட்டது. ரியோவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அப்பீல் போட்டது, விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவருடைய போட்டிக்கு முந்தின நாள் நான்கு வருஷம் தடை விதித்தது. கலந்தார்கள் என்றால் யார், எதில், எப்போது, ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். அதை நிரூபிக்க வேண்டியது நாம்தான், அவர்கள் இல்லை. எங்கள் தொழிலில் பேட்ச் நம்பர், பில் இரண்டும் இருந்தால்தான் கம்பெனிக்காரன் திரும்ப எடுப்பான். நீயும் அப்படியே இரு. தலைவலி மாத்திரை வாங்கினாலும் பில்லையும் அட்டையையும் தூக்கிப் போடாதே. புரோட்டீன் பவுடர் டப்பா காலியானாலும் ஒரு ஸ்பூன் மிச்சம் வைத்து மூடி வை.

ஊசி விஷயம் ஒன்று கேட்கவேண்டும், கோபப்படாதே. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டியில் மைதானத்துக் கழிவறையில் ஊசிகள் கிடந்ததாகவும், நாடா ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் பாதிப்பேர் காணாமல் போய், ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒரு பையன் மட்டும் தனியாக ஓடியதாகவும் செய்தி வந்ததே. ஒரு பெண் ஓடி முடித்த கோட்டையும் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தாளாம், பின்னாலேயே அதிகாரி ஓடினாராம். சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. அந்த வருஷம் நம் நாட்டில் சோதித்த 5,606 மாதிரிகளில் 3.8 சதவீதம் மாட்டியிருக்கிறது, 5,000-க்கு மேல் சோதித்த நாடுகளில் நாம்தான் முதல். இதில் முதலிடம்! உன் ஹாஸ்டலில் என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. யாராவது, கோச்சாகவே இருந்தாலும், 'விட்டமின்தான், எல்லாரும் போடுறாங்க' என்று சொன்னால் ஆம்பியூலை, அந்தக் கண்ணாடி மருந்துக் குப்பியை, வாங்கிப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. என்ன மருந்து என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன், இந்த ஒரு விஷயத்துக்காவது உன் அப்பன் படிப்பு உதவட்டும். நான் சொன்ன பிறகும் ஆப்பில் பார், கேம்ப் டாக்டரிடம் கேள். என்னை நம்பாதே என்று நானே சொல்கிறேன்.

அந்த சிரப்பை இப்போது கீழ் ரேக்குக்கு மாற்றிவிட்டேன். விளையாட்டு ஹாஸ்டல் பிள்ளைகள் யார் வந்து இருமல் மருந்து கேட்டாலும் "தம்பி, போட்டி கீட்டி உண்டா" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். ஒருவன் முழித்தான்.

உன் அம்மா நெஞ்சுச்சளிக்கு நல்லது என்று யாரோ கிண்டிக் கொடுத்த லேகியம் ஒன்றைப் பார்சலில் வைத்திருந்தாள். பெயர் இல்லாத டப்பா. எடுத்துவிட்டேன், இரண்டு நாளாக என்னுடன் பேசவில்லை, நீ போன் பண்ணும்போது அவளைச் சமாதானப்படுத்து. சுக்கும் மல்லியும் அவளே வறுத்து இடித்த பொடி மட்டும் வருகிறது, கூட மோர் மிளகாய்.

ஏப்ரலில் வருகிறாய் அல்லவா, பஸ்ஸா ரயிலா என்று முதல் நாளே சொல். கடையைச் சாத்திவிட்டு நானே வந்து கூட்டிவருகிறேன்.

அப்பா