ஹேசல் டிக்கன்ஸ் பாட்டு மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பால்டிமோரில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி ஹேசல் டிக்கன்ஸின் பாடல்களை நம்மவர்கள் கூடிக் கேட்ட அந்த மாலை நல்லபடியாக நடந்து முடிந்தது. நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றே கேட்டார்கள். உதவியவர்களில் பாதிப் பேர் அன்று அடுப்படியிலும் வாசலிலும் நின்றதால் உள்ளே நடந்ததைப் பார்க்கவே இல்லை. அதனால் நன்றியோடு சேர்த்து, எதற்கு உதவினீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹேசல் மேற்கு வர்ஜீனியாவின் மெர்சர் கவுண்டியில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த குடும்பம், பதினொரு பிள்ளைகள். 1950களில் பிழைப்பு தேடி நம் பால்டிமோருக்கு வந்து தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். காசநோயோடு மருத்துவமனையில் இருந்த அவருடைய அண்ணன் வழியாகத்தான், அங்கே வேலை செய்த இசைக்கலைஞர் மைக் சீகர் அவருக்குப் பழக்கமானார். அப்புறம் ஆலிஸ் ஜெரார்டும் சேர்ந்துகொள்ள, இரு பெண்களும் 1965இல் வெளியிட்ட இசைத்தட்டு, புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வகையில் பெண்கள் முன்னின்று பாடிய முதல் தட்டுகளில் ஒன்று. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் பாடுவதே துணிச்சலாக இருந்த அந்தக் காலத்தில், அப்படிப்பட்ட குழுக்களோடு தென் மாநிலங்களுக்கும் போய்ப் பாடினார்கள்.

அவருடைய இன்னோர் அண்ணன் தர்மன் (Thurman) சுரங்கத்தில் வேலை பார்த்து, கரித்தூசி நுரையீரலில் படிந்து வரும் 'பிளாக் லங்' நோயால் இறந்தார். அந்தச் சாவைப் பற்றி ஹேசல் எழுதிய பாட்டுக்குப் பக்கவாத்தியமே கிடையாது, வெறும் குரல்தான். அன்று அதைப் பாடியது நம் வீட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தி. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "ஒப்பாரிதானே இது, இதுக்கு எதுக்குத் தாளு?" என்று மொழிபெயர்ப்புத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மகளே, பரீட்சை நேரத்தில் இரவெல்லாம் கண்விழித்து அந்தக் குரலைப் பழகினாய். உனக்குத்தான் முதல் நன்றி.

கிதாரும் பாஞ்சோவும் வாசித்த இரு அண்டைவீட்டுக்காரர்களுக்கும் நன்றி. பணம் வேண்டாம் என்று சொன்னதோடு, ஒத்திகைக்குத் தங்கள் வீட்டு முன்னறையையே திறந்துவிட்டார்கள். ஹேசலின் பாட்டை மெருகேற்றக் கூடாது, அது கரகரப்பாகவே இருக்க வேண்டும் என்று அவர்கள் அடம்பிடித்தது நூற்றுக்கு நூறு சரி.

மேற்கு வர்ஜீனியாவிலிருந்து மகனோடு வந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் சின்ன ஆக்சிஜன் இயந்திரம். ஒவ்வொரு மூச்சுக்கும் அது 'புஸ்' என்று ஒரு சத்தம் போடும். இரண்டு வாக்கியம் பேசுவார், நிறுத்துவார், கையை உயர்த்தி 'இருங்கள்' என்பார், மறுபடி தொடங்குவார். நல்ல கரி அடுக்குகள் தீர்ந்துபோய், இப்போது மெல்லிய அடுக்கோடு பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள், அந்தப் பாறைத் தூசியில் இருக்கும் சிலிக்கா கரித்தூசியைவிடக் கொடியது என்று அவர் விளக்கியபோது, குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. மேற்கு வர்ஜீனியாவும் சேர்ந்த மத்திய அப்பலாச்சியா மலைப்பகுதியில் 25 வருஷத்துக்கு மேல் சுரங்கத்தில் உழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு பிளாக் லங் நோய் இருப்பதாக 2018இல் அரசு ஆய்வாளர்களே சொன்னார்கள். சிலிக்கா தூசி வரம்பைப் பாதியாகக் குறைக்கும் விதி 2024இல்தான் வந்தது. 2025 ஏப்ரலில் தொடங்க வேண்டிய அதன் அமலாக்கமும் தள்ளிப்போனது. இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஐயா, அவ்வளவு தூரம் வந்து பேசினீர்கள், இலவசமாகவா பேசினீர்கள்? உங்கள் மூச்சைச் செலவழித்துப் பேசினீர்கள். நாங்கள் மறக்க மாட்டோம்.

நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மகள் வீட்டுக்கு வந்திருக்கும் மாமா கேட்ட கேள்விக்கும் நன்றி: "இவங்களுக்கு யூனியன் இருந்துச்சா, இல்லையா?" அந்தக் கேள்வியால்தான் பேச்சு சூடு பிடித்தது. யூனியன் இருந்தது. ஆனால் 1969இல் அதன் தலைவர் டோனி பாயிலை எதிர்த்துத் தேர்தலில் நின்ற ஜோசப் யப்லான்ஸ்கி, அந்த வருஷக் கடைசி நாளில் மனைவியோடும் மகளோடும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கு ஆணையிட்டது பாயில்தான் என்று பின்னர் நீதிமன்றத்தில் நிரூபணமானது. முதலாளிகளைச் சாடிப் பாடிய அதே வாயால் ஹேசல் இந்தக் கொலையையும் பாடினார். தன் பக்கத்தவர் செய்த தப்புக்கும் பாட்டு கட்டுகிற நெஞ்சுரம் எத்தனை பேருக்கு வரும்! 1972 தேர்தலில் தொழிலாளர்கள் பாயிலைத் தோற்கடித்து ஆர்னால்ட் மில்லரைத் தலைவராக்கினார்கள். அவரும் பிளாக் லங் நோயாளிதான்.

ஹேசல் ஊர்வலம், வேலைநிறுத்தம், நிதி திரட்டும் கூட்டம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாடினார். கென்டக்கியின் ஹார்லன் கவுண்டி வேலைநிறுத்தத்தைப் பற்றி வந்து ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்திலும் அவர் குரல் ஒலிக்கிறது. 2001இல் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. 2011இல் வாஷிங்டனில் காலமானார்.

இனி அடுப்படி. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், சுடச்சுட மெதுவடை என்று செய்து கொடுத்த அக்காமார்களுக்கும், வாழையிலை தேடி அலைந்த தம்பிக்கும் நன்றி. சுரங்கத்து ஐயா எலுமிச்சை சாதம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அறை கொடுத்த நூலக ஊழியர்கள், நேரம் முடிந்த பிறகும் முகம் சுளிக்காமல் விளக்கை எரியவிட்டார்கள். பாட்டு வரிகளைத் தமிழாக்கிய நால்வரும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

உண்டியலில் சேர்ந்த பணம் முழுவதும், பிளாக் லங் நோயாளிகளுக்கு இழப்பீட்டு விண்ணப்பம் எழுத உதவும் ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ரசீதும் வரவு செலவும் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். சமையல் பாத்திரங்கள் சில என் வீட்டிலேயே தங்கிவிட்டன. மூடியில் பெயர் எழுதாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அடையாளம் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள், காபி போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
பாட்டு மாலைக் குழுவின் சார்பில்